வலது பக்கத் தாடை

இங்கன வந்து உக்காருங்கம்மா. ஃபேன் காத்து இந்த பெஞ்சுக்குத்தான் வரும். அந்தப் பக்கம் ஏசித் தண்ணி சொட்டும், சேலை நனைஞ்சிரும். எனக்கு இந்த ஆஸ்பத்திரி அத்துப்படி. உங்களுக்கு என்ன, பல்லா? கடவாப்பல்லா? வேர் சிகிச்சையா? சவம், அதுக்கா இப்படி மொகம் வெளுத்துப்போயி இருக்கிய? ஒண்ணும் பயப்படாதீய. டாக்டரம்மா நல்லாப் பாப்பா. கைராசி உண்டும் அவளுக்கு. நான் அதச் சொல்லக்கூடாது, இருந்தாலும் உண்டும்.

ஏன் சொல்லக்கூடாதுன்னா, அது பெரிய கதை. நான் பொதுவா யாருகிட்டயும் அதிகம் பேச்சு வச்சிக்கிட மாட்டேன். வந்தமா, இருந்தமா, போனமான்னு இருப்பேன். நீங்க கேக்கியங்கதுக்காகச் சொல்லுதேன்.

எனக்குப் பல்லுல வலி இல்லம்மா. இந்தா, காதுக்கு முன்னால, வாயத் தொறந்து மூடினா ஒரு குழி விழுந்து எந்திக்குல்லா, அங்கன. நீங்களும் கை வச்சுப் பாருங்க. ஆங், அதான். அது தாடை மூட்டாம். முட்டிக்காலுக்கு மூட்டு இருக்க மாதிரி வாய்க்கும் மூட்டு இருக்குன்னு இந்த வயசுலதான் எனக்குத் தெரியும். மூட்டு வலின்னு காலப் புடிச்சிக்கிட்டு நடக்கவங்களப் பாத்திருக்கேன். வாயப் புடிச்சிக்கிட்டுத் திரிஞ்சவ எங்க தெருவுலயே நான் ஒருத்திதான்.

போன ஆடில ஆரம்பிச்சுது. அப்பளத்தக் கடிக்கேன், காதுக்குள்ள 'டக்'குன்னு ஒரு சத்தம். அப்பளந்தான் நொறுங்குதுன்னு நெனச்சேன். மறுநாளு ரசஞ்சாதம் திங்கேன், அப்பவும் 'டக்'குங்குது. ரசஞ்சாதம் எங்கயாவது நொறுங்குமா? பொறவு வலி. காதுல ஆரம்பிச்சு, நெத்திப்பொட்டுல ஏறி, கழுத்து வழியா எறங்கி, ஒரு பக்கமே இத்துப்போச்சு. சோறக் கஞ்சியாக் கரைச்சுக் குடிச்சேன். நல்லெண்ணெயக் காய்ச்சிக் காதுல ஊத்தினேன், பூண்டத் தட்டிப் பஞ்சுல வச்சு அடைச்சேன். வலி கேக்கல.

காது டாக்டர்ட்டப் போனேன். நல்ல மனுசன், லைட்டத் தலையில கட்டிக்கிட்டு உள்ள பாத்தாரு. "காது சுத்தமா இருக்கும்மா, குண்டூசி விழுந்தாக்கூட கேக்கும் உங்களுக்கு"ன்னாரு. அது எனக்கே தெரியும். எங்க வீட்டுல காது கேக்காதது எங்க வீட்டுக்காரருக்குத்தான். மின்சார வாரியத்துல லைன்மேனா இருந்தாவ. ரிட்டயர் ஆனதும் மகன் பெரிய மெஷினா வாங்கிக் குடுத்தான் காதுக்கு. அந்த மெஷினு பாருங்க, அவுக கூட்டாளி பேசினா நல்லா கேக்கும், பேரன் பேசினா கேக்கும், நான் பக்கத்துல போயி உக்காந்து ஒரு வார்த்த ஆரம்பிச்சன்னா பேட்டரி தீந்துரும். ஒவ்வொரு தடவையும். கடைக்காரன் ஏமாத்திட்டான்னு நான் சண்டைக்கே போயிட்டேன். இவுகதான் வேண்டாம் வேண்டாம்னு கையப் புடிச்சு இழுத்துட்டு வந்தாவ.

என்ன சொல்லிட்டிருந்தேன்? ஆங், காது டாக்டர். "பல்லு டாக்டரப் போயிப் பாருங்க"ன்னாரு. காது வலிக்குன்னு போனா பல்லப் பாருங்காரு. சரின்னு ஜங்ஷன் பக்கத்துல ஒருத்தர்ட்டப் போனேன். அவரு தட்டிப் பாத்தாரு, படம் புடிச்சுப் பாத்தாரு, "பல்லு எல்லாம் நல்லா இருக்கு"ன்னாரு. நல்லா இருந்தா ஏன்யா வலிக்குன்னேன். "தாடையப் பாக்க டாக்டர்ட்ட எழுதித் தாரேன்"ன்னாரு. நீங்க எழுதவும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம், இந்தக் கடைசிப் பல்லுதான் குத்தவாளி, எனக்கே தெரியுது, இதப் புடுங்குங்கன்னேன். மாட்டேன்னாரு. நான் விடல. எங்க அம்மைக்குப் பல்லு எடுத்த கதையில ஆரம்பிச்சு எல்லாம் எடுத்துச் சொன்னேன். ரொம்ப நேரம் கழிச்சு, "அம்மா, எடுத்துருதேன், வெளிய ஆளுங்க காத்துக் கெடக்காவ"ன்னாரு. எடுத்தாரு. நல்ல பல்லு, ஒரு சொத்த கெடயாது. வலி அங்கனயேதான் இருந்துச்சு. இப்படி நல்ல பல்லப் புடுங்குத டாக்டர எப்படிம்மா நம்புதது?

இந்த கிளினிக் எங்க வீட்டுல இருந்து கூப்புடு தூரம். மொதல்லயே ஏன் வரலன்னு கேக்க வாரிய. அதான சொல்லவந்தேன். இந்த டாக்டரம்மா இருக்கால்லா, சங்கரி, இவ வேற யாரும் இல்ல. என் கூடப்பொறந்த தங்கச்சி வடிவோட மருமக. எனக்கும் வடிவுக்கும் பேச்சு இல்ல. மூணு வருசமாச்சு. வடிவோட இல்லன்னா அவ மகனோடயும் இல்ல, மருமகளோடயும் இல்ல. அதுதான மொற? பேச்சு இல்லன்னா முழுசா இல்லாம இருக்கணும்.

அவளும் நானும் ஒரே வீடும்மா. எங்க அப்பா வீடு. ரெண்டும் பொட்டப்புள்ளயா போச்சு, அடிச்சிக்கிடக் கூடாதுன்னு முன்பக்கப் பட்டாசல்ல இருந்து அடுக்களை வரைக்கும் நடுவுல ஒரு செவரு வச்சு, மேக்கப் பாதி எனக்கு, கெழக்கப் பாதி அவளுக்குன்னு பிரிச்சுக் குடுத்துட்டுப் போனாரு. ஒத்தச் செங்கச் செவரு. அந்தப் பக்கம் கடுகு தாளிச்சா இந்தப் பக்கம் தும்மல் வரும். அப்படி இருந்தோம். நான் உளுந்து ஊறப்போட்டா அவ அரிசி ஊறப்போடுவா, ரெண்டு வீட்டுக்கும் ஒரே மாவு.

எல்லாம் அந்தக் கல்யாணத்துல போச்சு. அவ மகன் நெல்லையப்பனுக்கும் இந்தச் சங்கரிக்கும் கல்யாணம். பத்திரிக அடிச்சு வந்துச்சு. வடிவும் அவ வீட்டுக்காரரும் தட்டுல வெத்தல பாக்கு, குங்குமம், பத்திரிக எல்லாம் வச்சு வீடு வீடாப் போறாவ. எதுத்த வீட்டுக்குப் போறாவ. சலவைக்கடைக்காரர் வீட்டுக்குப் போறாவ. நான் பட்டுச்சேலை கட்டி, நாற்காலியத் தொடைச்சுப் போட்டு, காப்பிக்குப் பால் எடுத்து வச்சு உக்காந்திருக்கேன். இன்னைக்கு வருவா, நாளைக்கு வருவான்னு. வரவே இல்லம்மா. எல்லாருக்கும் குடுத்து முடிச்சுட்டு, சாயங்காலம் கொல்ல வழியா வந்து, தட்டக் கூட எறக்கி வைக்காம, "எக்கா, காலு வலிக்கு. யார் யாரு விட்டுப்போச்சு சொல்லு"ன்னு என்கிட்டயே கேக்கா!

"ஒருத்தி விட்டுப்போச்சு"ன்னேன்.

"யாருக்கா?"ன்னா.

பாத்துக்கோங்க. யாருன்னு கேக்கா. காப்பிக்கு வச்ச பால எடுத்து உள்ள வச்சுட்டேன். எங்க வீட்டுக்காரருதான் சொன்னாவ, "ஏட்டி, நீ மாப்பிள்ளைக்குப் பெரியம்மை, நீயும் சேந்து ஊர அழைக்கணும், ஒன்ன யாருடி அழைப்பா"ன்னு. மெஷினு மாட்டாதவருக்கு என்ன தெரியும்? அழைக்காத எடத்துக்கு நான் எப்படி வீட்டுக்காரி மாதிரிப் போயி நிக்கது?

கல்யாணத்துக்குப் போனேன். போகாம இருந்தா பேச்சு வரும்லா. ஆனா அழைக்காதவ எப்படிப் போகணுமோ அப்படிப் போனேன். முகூர்த்தம் முடிஞ்சு போனேன். கடைசி வரிசையில உக்காந்தேன். ஆபீஸ்காரங்க எல்லாம் பரிசுப் பாக்கெட்டோட மேடைக்கு வரிசையில நிக்காவல்லா, அந்த வரிசையில நானும் ஒரு கடிகாரத்தப் பளபளன்னு தாளுல சுத்தி வச்சிக்கிட்டு நின்னேன். வீடியோக்காரன் என் மூஞ்சியில லைட்ட அடிச்சு, "பாட்டிம்மா, மாப்பிள்ளைக்கு என்ன வேணும் நீங்க?"ன்னு கேட்டான். "தெரிஞ்சவ"ன்னேன்.

வடிவு மேடையில நின்னு அதக் கேட்டா. கல்யாண வீட்டுல, மணவடைக்குப் பக்கத்துல நின்னு 'ஓ'ன்னு அழுதா. "கூடப்பொறந்தவ பாக்கெட்டத் தூக்கிக்கிட்டு வரிசையில நிக்காளே"ன்னு. நல்ல நாளும் அதுவுமா அழலாமா? அவளுக்கு எப்பவும் அந்த விவரம் பத்தாது. அன்னையில இருந்து பேச்சு இல்ல. அன்னா அந்தச் செவத்துல ஓடுதுல்லா, அதான் அந்தக் கடிகாரம். வீட்டுல மாட்ட எடமில்ல போல, இங்க கொண்டாந்து மாட்டிருக்கா. அஞ்சு நிமிசம் முந்திதான் ஓடும். வாங்கும்போதே அப்படித்தான்.

சொந்தக்காரங்க வந்து சமாதானம் பேசத்தான் செஞ்சாவ. நான் ஒத்த வார்த்ததான் சொன்னேன். அவ மொதல்ல பேசட்டும். நான் மூத்தவ, நான் மொதல்ல பேசினா என்ன அர்த்தம்? தப்பு எம்மேலன்னு ஆயிரும்லா. அவளும் அங்கன இருந்துக்கிட்டு அதையேதான் சொன்னாளாம், அக்கா மொதல்ல பேசட்டும்னு. திமிரப் பாருங்க.

எனக்கு அதனால ஒண்ணும் நட்டமில்ல. நான் பாட்டுக்கு இருக்கேன். கட்டில மட்டும் அந்தச் செவத்தோரமா மாத்திப் போட்டேன். பழைய சுண்ணாம்புச் செவருல்லா, குளிர்ச்சியா இருக்கும். வலது கன்னத்த அதுல ஒட்டவச்சுப் படுத்தா எதமா இருக்கும், அதுக்காவத்தான். ஒட்டுக் கேக்க புத்தியெல்லாம் எனக்குக் கெடயாது. தானா வந்து விழுததுக்கு நான் என்ன செய்ய? காலையில பால்காரன்ட்ட, "தண்ணி கலக்காதய்யா"ன்னு சொல்லுவா. மத்தியானம் சீரியல் பாத்துக்கிட்டே அதுல வாரவளுக்குப் புத்தி சொல்லுவா. மூக்கு ஒழுகினா கூட ஆவி புடிக்க மாட்டா, இருமிக்கிட்டே கெடப்பா. ஆவி புடிச்சா என்ன கொறஞ்சு போவா? சொல்லுததுக்கு ஆளு இல்ல. நானும் சொல்ல முடியாது. பல்லக் கடிச்சிக்கிட்டுக் கெடப்பேன்.

இப்படி இருக்கும்போதுதான் வாய் மாட்டிக்கிட்டுது. ஞாயித்துக்கிழமை சாயங்காலம். டிவில பட்டிமன்றம். பெரிசா ஒரு கொட்டாவி விட்டேன். விட்ட வாய் மூடல! மேல ஒரு பல்லு, கீழ ஒரு பல்லு, நடுவுல கையே போகும். கையால அமுக்குதேன், மூட மாட்டேங்கு. மகன் பரமசிவன் பக்கத்துல உக்காந்திருக்கான். என்னத் திரும்பிப் பாத்தான். நான் என்னமோ சொல்லப்போறேன்னு நெனச்சு டிவி சத்தத்தக் கூட்டிட்டான்.

மருமகதான் அடுக்களையில இருந்து வந்து, "என்னங்க, அத்தை இவ்வளவு நேரம் பேசாம இருக்காவ, என்னமோ ஆயிட்டு அவுகளுக்கு"ன்னு கண்டுபுடிச்சா. கெட்டிக்காரி. அப்படியே ஆட்டோவுல ஏத்தினாவ. முந்தானைய எடுத்து வாய மூடிக்கிட்டேன், எச்சி வேற வடியுது. ஞாயித்துக்கிழமை எந்தப் பல்லு டாக்டர் கதவு தொறந்திருக்கு? ஆட்டோ இந்த வாசல்ல வந்து நிக்கி. நான் வேண்டாம் வேண்டாம்னு தலைய ஆட்டுதேன், கைய ஆட்டுதேன். "எம்மா, பேசத்தான முடியல, சும்மா இரு"ன்னு தூக்கிக்கொண்டாந்து நாற்காலியில போட்டுட்டான்.

சங்கரி வந்தா. ரெண்டு கட்டைவிரல்லயும் துணியச் சுத்தினா. வாய்க்குள்ள விட்டுக் கடைசிப் பல்லு மேல வச்சா. கீழ அமுக்கி அப்படியே பின்னால ஒரு தள்ளு. 'டொக்'. வாய் மூடிக்கிட்டுது. எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துட்டு.

"பெரியத்தை, மெதுவா மூடுங்க. இப்ப வலிக்கா?"ன்னு கேட்டா.

வாயும் சரியாயிட்டு, அவளும் கேக்கா. நான் என்ன செய்யணும் சொல்லுங்க? பேசினா அவ மாமியார்ட்டப் பேசின மாதிரி. பக்கத்துல இந்தப் புள்ள ஜெசிந்தா நின்னா, அன்னா டோக்கன் குடுக்கால்லா, அவதான். அவளப் பாத்துச் சொன்னேன். "ஏ புள்ள, டாக்டரம்மாட்டச் சொல்லு, வலி பரவாயில்லன்னு."

ஜெசிந்தா முழிக்கா. "அவிய இங்கதான பாட்டி நிக்காவ?"

"நீ சொல்லு."

"டாக்டர், வலி பரவாயில்லையாம்."

சங்கரி இருக்காளே, லேசுப்பட்டவ இல்ல. சிரிக்கவும் இல்ல, மொறைக்கவும் இல்ல. "ஜெசிந்தா, பெரியத்தைட்டக் கேளு, பல்லக் கடிக்கிற பழக்கம் உண்டான்னு."

"பாட்டி, பல்லக் கடிப்பியளா?"

"நான் எதுக்குக் கடிக்கேன்? எனக்கு என்ன கவலை? ராசாத்தி மாதிரி இருக்கேன்னு சொல்லு."

"ராசாத்தி மாதிரி இருக்காவளாம் டாக்டர்."

"ராசாத்தி பல்லெல்லாம் தேஞ்சு ஏன் தட்டையா இருக்குன்னு கேளு."

"அது வயசுன்னு சொல்லு."

"வயசுன்னா எல்லாப் பக்கமும் தேயும், வலது பக்கம் மட்டும் தேயாதுன்னு சொல்லு."

ஜெசிந்தா கையில இருந்த டிரேய டங்குன்னு வச்சா. "நான் என்ன ரெண்டு பேருக்கும் நடுவுல போஸ்ட்மேனா? வெளிய ஒருத்தரு பல்லுல பஞ்ச வச்சிக்கிட்டு உக்காந்திருக்காரு"ங்கா. வாய்க்கொழுப்பு. ஆனா நல்ல புள்ள. அன்னையில இருந்து எங்களுக்கு அவதான் ஏற்பாடு.

வைத்தியம் என்ன தெரியுமா? கடினமா ஒண்ணும் கடிக்கக் கூடாது. துணிய வெந்நீல நனைச்சுப் பிழிஞ்சு ஒத்தடம் குடுக்கணும். ஒதடு மூடி இருக்கணும், உள்ள பல்லும் பல்லும் தொடக்கூடாது. கொட்டாவி வந்தா தாடைக்குக் கீழ கைய முட்டியா மடக்கி முட்டுக் குடுத்துக்கிடணும், வாய் அகலமாத் தொறக்காம. அது முக்கியம், கேட்டுக்கோங்க, ஒரு தடவ மாட்டினா அடுத்து ரொம்ப லேசுல மாட்டுமாம். பொறவு ஒண்ணு சொன்னா, பேச்சக் கொறைக்கணுமாம்! அது மாமியார்க்காரி சொல்லிக்குடுத்ததுன்னு அப்பமே புரிஞ்சுட்டு எனக்கு. நான் என்னம்மா பேசுதேன்? நீங்களே சொல்லுங்க.

எப்ப எப்பப் பல்லக் கடிக்கேன்னு கவனிச்சுட்டு வந்து சொல்லணும்னு வேற சொல்லிவிட்டா. கவனிச்சேன். காலையில பால்காரன் வரும்போது கடிக்கேன். மத்தியானம் சீரியல் நேரத்துல கடிக்கேன். அந்தப் பக்கம் இருமல் சத்தம் கேக்கும்போது ரொம்பக் கடிக்கேன். வந்து ஜெசிந்தாட்டச் சொன்னேன். சங்கரி குனிஞ்சு என்னமோ சாமான எடுக்க மாதிரி ரொம்ப நேரம் குனிஞ்சே இருந்தா. பொறவு, "ஜெசிந்தா, கட்டில அந்தச் செவத்துல இருந்து நகத்திப் போடணும்னு சொல்லு. தாடை அழுந்தக்கூடாது"ன்னா. நகத்தினா ஃபேன் காத்து வராதுன்னு சொல்லச் சொன்னேன். எங்க ஃபேன் அந்தக் கடைசியில இருக்கு, அது வேற விசயம்.

அப்பறம் அச்சு எடுத்தா. களி மாதிரி ரோஸ் கலர்ல ஒண்ணக் குழைச்சு, கரண்டியில வச்சு, வாய்க்குள்ள அப்பிட்டா. குமட்டிக்கிட்டு வருது. "மூக்கால மூச்சு விடச் சொல்லு ஜெசிந்தா"ங்கா. பேசாம இருந்து இருந்து எனக்கு மூச்சு முட்டிப்போச்சு. அந்த அச்ச வச்சுக் கண்ணாடி மாதிரி ஒரு பிளேட்டு செஞ்சு குடுத்தா. படுக்கும்போது மாட்டிக்கிடணும். பல்லக் கடிச்சாலும் தாடைக்கு அழுத்தம் ஏறாதாம். மாட்டினேன். கொஞ்சங்கொஞ்சமா வலி கொறஞ்சு இப்ப இல்லவே இல்ல. முறுக்கு திங்கேன். பிளேட்டால போச்சுன்னு ஜெசிந்தா சொல்லுதா. வலிக்குப் போற நேரம் வந்துச்சு, போச்சு. பிளேட்டுக்கு என்ன தெரியும்?

பொறவு இன்னைக்கு எதுக்கு வந்திருக்கேங்கியளா? அதாம்மா... இன்னைக்கு எனக்கு முறை இல்ல. அடுத்த மாசம் வந்தாப் போதும்னுட்டா. சும்மாதான் வந்தேன். உங்களுக்கு முந்தி என் டோக்கன்தான், போன ரெண்டு பேரையும் விட்டுட்டேன், நீங்களும் போங்க. எனக்கு அவசரம் இல்ல.

என்னன்னா, ஒரு மாசமா அந்தப் பக்கம் அவ பேச்சுச் சத்தமே இல்ல. பால்காரன் மணி அடிக்கான், பால ஊத்துதான், போறான். அவ ஒண்ணுஞ் சொல்லல. அவன் தண்ணி கலக்கானா கலக்கலையான்னு யாருக்குத் தெரியும்? சீரியல் ஓடுது, புத்தி சொல்ல ஆளு இல்ல. பாத்திரம் உருளுத சத்தம் வருது, ஆளு இருக்கா. பேச்சுதான் இல்ல. நிம்மதியா இருக்கு. அப்படி ஒரு நிம்மதி. சாப்பாடு எறங்க மாட்டேங்கு.

போன தடவ ஜெசிந்தாட்ட நைசாக் கேட்டேன், "டாக்டரம்மா வீட்டுல எல்லாரும் சொகமா இருக்காவளா"ன்னு. "டாக்டர் உள்ளதான இருக்காவ, நீங்களே கேளுங்க பாட்டி. நான் போஸ்ட்மேன் வேலைய விட்டுட்டேன்"ன்னுட்டா. சங்கரிகிட்ட நான் எப்படிக் கேக்கது? மகன்ட்டச் சொன்னா, "உனக்கு அக்கறை இருந்தா நீ போயிக் கேளு"ங்கான். அக்கறை யாருக்கு இருக்கு? ஒரே வளவுல இருக்கோம், நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா நாலு பேரு என்னத்தான கேப்பாவ? அதுக்காவ வந்து உக்காந்திருக்கேன். சங்கரி மொகத்தப் பாத்தாப் போதும், தெரிஞ்சு போகும். கவலைன்னா அவளுக்கு மூக்கு செவந்துரும். பேசாட்டாலும் நான் அதெல்லாம் கவனிச்சு வச்சிருக்கேன்.

இருங்க. கீழ பைக் சத்தம் கேக்கு. அது நெல்லையப்பன் வண்டிதான், சைலன்சர் அப்படித்தான் கத்தும்.

எம்மா.

திரும்பிப் பாக்காதீய. படியேறி வாராள்லா, நீலச் சேலை. அவதான் வடிவு. என்னமா மெலிஞ்சிட்டா! தலையச் சுத்தித் துண்டக் கட்டிருக்கா பாருங்க, கன்னத்தோட சேத்து. என்னக் கண்டுட்டா. திரும்பிப் போயிருவாளா? இல்ல. அன்னா எதுத்த பெஞ்சுல உக்காருதா. உக்காரட்டும், என்ன? பெஞ்சு எல்லாருக்கும் பொதுதான.

ஜெசிந்தா கேக்கா, கேட்டியளா? "எந்தப் பக்கம் பாட்டி?"ன்னு. எடது பக்கத்தத் தொட்டுக் காட்டுதா. தாடை மூட்டு! பாத்தியளா? பாத்தியளாம்மா? இதுலயும் எனக்குப் போட்டி. சின்னப் புள்ளையில இருந்தே அப்படித்தான், எனக்கு அம்மை போட்டா அவளுக்கும் போடும்.

என்ன சொல்லுதா ஜெசிந்தா? "ரெண்டு பேருக்கும் ஒரே சீக்கு. இவியளும் செவத்தோரமாத்தான் கட்டிலப் போட்டுக் கன்னத்த வச்சுப் படுப்பாவளாம், மகன் நகத்தச் சொல்லியும் கேக்கலையாம்." செவத்தோரமாவா? எந்தச் செவரு? அந்தச் செவருதானா? அங்கன அவளுக்கு என்ன வேலை? அந்தப் பக்கம் ஃபேன் கூடக் கெடயாதே!

பாருங்க, துண்ட என்ன கட்டுக் கட்டிருக்கான்னு. அப்படி இறுக்கிக் கட்டினா ரத்தம் எப்படி ஓடும்? கட்டவே கூடாது அதுக்கு, ஒத்தடந்தான். ஏம்மா, நீங்க எனக்காவ ஒண்ணு சொல்லுங்க. அந்த நீலச் சேலைக்காரிகிட்ட, துண்ட அவுக்கச் சொல்லுங்க. நான் சொன்னேன்னு வேண்டாம், நீங்களாச் சொல்லுத மாதிரிச் சொல்லுங்க. வெந்நீல துணிய நனைச்சுப் பிழிஞ்சு வைக்கணும்னு சொல்லுங்க. நிமிந்து உக்காரச் சொல்லுங்க, மொகத்தக் கையில தாங்கிக்கிட்டு உக்காரக்கூடாது. ஆங், அப்படித்தான். அவுத்துட்டா. ஒரு பக்கம் எப்படி வீங்கிக் கெடக்கு! ஒரு மாசம் இப்படியேவா கெடந்தா? மருமக டாக்டரு, இவ வாயத் தொறந்து சொல்லிருக்க மாட்டா. அழுத்தக்காரி. யாரு மாதிரின்னு தெரியல, எங்க வீட்டுல யாரும் இப்படிக் கெடயாது.

கண்ணு சொருகுது அவளுக்கு. ராத்திரி தூங்கிருக்க மாட்டா, வலி தூங்க விடாது. தெரியும்லா எனக்கு. இந்தா, கொட்டாவி வருது அவளுக்கு. வருது, வருது... கையக் குடுக்கலியே...

ஏட்டி வடிவு! வாய மூடு! இம்புட்டு அகலமாத் தொறக்காதட்டி, மாட்டிக்கிடும்! கீழ கையக் குடு! தாடைக்குக் கீழ! முட்டிக்கைய மடக்கிக் குடுட்டி கோட்டி!

ஆங். மூடிட்டா.

என்ன எல்லாரும் என்னயவே பாக்கிய? அவ எதுக்கு இப்ப அழுதா? வாய்தான் மூடிட்டுல்லா, பொறவு என்ன அழுக? இவ எப்பவும் இப்படித்தாம்மா, நாலு பேரு இருக்க எடத்துலதான் அழுவா. சிரிச்சிக்கிட்டே வேற அழுதா. ஜெசிந்தா, நீ என்ன புள்ள, டாக்டர் டாக்டர்னு உள்ள ஓடுத?

நீங்க தப்பா நெனைக்காதீய. நான் பேசல. சத்தம் போட்டேன், அவ்வளவுதான். சத்தம் போடுதது வேற, பேசுதது வேற. மொதல்ல வாயத் தொறந்தது அவதான், நீங்க பக்கத்துல இருந்து பாத்தியல்லா? நாளைக்கு யாரும் கேட்டா சொல்லணும்.

ஏம்மா, இந்தப் பையச் சித்த பாத்துக்கோங்க. அந்த பெஞ்சுக்குப் போறேன். பேசுததுக்கு இல்ல. அவளுக்கு இன்னொரு கொட்டாவி வருது, தாடையப் புடிக்க ஒரு ஆளு வேணும்லா.